விரால் கறிக் கல்யாணம்

எங்கள் பகுதியில் கல்யாணம் என்றால் மாடு. மாப்பிள்ளை யார், என்ன தொழில் என்பதையெல்லாம் பிறகுதான் விசாரிப்பார்கள். எத்தனை மாடு அறுத்தார்கள் என்பதே முதல் கேள்வி. ஐம்பதுகளில் ஒரு தை மாதம், கல்முனைக்குப் பக்கத்தில் நடந்த என் கல்யாணத்தில் ஒரு மாடும் அறுக்கவில்லை. விரால் மீன் கறியோடு காரியம் முடிந்தது. இதை இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாப்பாவுக்கு ஊருக்கு மேற்கே வயலும், வயலுக்கு அப்பால் ஒரு மாட்டுப் பட்டியும் இருந்தன. நிலபுலம் உள்ளவர் என்று அவரைப் போடியார் என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டியைப் பார்த்துக்கொண்டது ஒரு தமிழ்க் குடும்பம். பட்டிக்காரர், அவர் பெண்சாதி, வளர்ந்த இரண்டு ஆண்மக்கள். மாடு எங்களுடையது என்பது பேச்சுக்குத்தான். எது எப்போது ஈனும், எது வேலி பாயும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். தைப்பொங்கலுக்கு மறுநாள் அங்கே பட்டிப் பொங்கல். மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு மஞ்சள் பூசி, கழுத்தில் மாலை போட்டு, பட்டி வாசலில் பானை வைப்பார்கள். அன்று பின்னேரமே எங்கள் வீட்டுக்கு ஒரு சட்டி புக்கை வந்துவிடும். தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் பயறும் போட்டுக் குழைத்த அந்தப் புக்கைக்கு நாங்கள் பிள்ளைகள் அடிபடுவோம். பெருநாளைக்கு உம்மா வட்டிலப்பம் அவித்து அந்தச் சட்டியிலேயே வைத்து அனுப்புவார்.

என் கல்யாணத்துக்கென்று ஒரு செவலை நாம்பனை, நல்ல இளங்காளையை, வாப்பா மனதில் குறித்து வைத்திருந்தார். அறுப்பதற்கான மாட்டைக் கொண்டுவர அவர் ஒருநாளும் தானே போனதில்லை. ஆள் அனுப்புவார். எதற்கென்று பட்டிக்காரர் கேட்கமாட்டார், போன ஆளும் சொல்லமாட்டான். இரண்டு பேருக்கும் தெரிந்ததை இரண்டு பேரும் கதைக்காமல் விடுவது ஒரு மரியாதை. பொங்கல் நாட்களில் அந்தப் பேச்சே எடுப்பதில்லை.

அந்த முறை வழக்கமாகப் போகிற ஆளுக்குக் காய்ச்சல். கல்யாணத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது. பொங்கலெல்லாம் முடிந்திருக்கும் என்று நினைத்து, வாப்பா கயிற்றை எடுத்துக்கொண்டு தானே புறப்பட்டார். சில வருஷங்களில் பொங்கல் ஒரு நாள் தள்ளி வரும் என்பது, பிறை பார்த்துப் பெருநாள் எடுக்கிற மனுஷனுக்கு எப்படித் தெரியும்? “இந்த முறை புக்கை இன்னம் வரல்லியே” என்று உம்மா சொன்னார்தான். கல்யாண அமளியில் அது யார் காதிலும் விழவில்லை.

அங்கே நடந்ததை வாப்பா அரைகுறையாகச் சொன்னார். மீதியைப் பட்டிக்காரரின் பெண்சாதி பிற்பாடு எனக்குச் சொன்னார். வாப்பா போய்ச் சேர்ந்தபோது பானை பொங்கிக்கொண்டிருந்ததாம். அவரைக் கண்டதும் அந்த அம்மாவுக்குப் பெரிய சந்தோஷம்.

“வாங்க போடியார். ஒரு வருசமும் வராத ஆள் நல்ல நேரத்துல வந்திருக்கீங்க. மாட்டுக்காரர்ர கையால முதல் பிடி குடுத்தா பட்டி பெருகும்” என்று சொல்லி, வாழையிலைத் துண்டில் புக்கையை அள்ளி வாப்பாவின் கையில் வைத்துவிட்டார்.

முன்னால் நின்றது அந்தச் செவலை நாம்பன். பார்க்க வடிவான மாடென்று அதற்குத்தான் பெரிய மாலை. பட்டிக்காரர் வாப்பாவின் மற்றக் கையில் இருந்த கயிற்றைப் பார்த்துவிட்டார். ஒன்றும் கேட்காமல் மறுபக்கம் திரும்பி, ஒரு கன்றின் மாலையைச் சரிப்படுத்தத் தொடங்கினாராம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வாப்பாவும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். நாம்பன் புக்கையைத் தின்று, கையையும் நக்கி முடித்தது.

இருட்டுப்படுகிற மைம்மல் நேரத்தில் வாப்பா புக்கைச் சட்டியோடு வந்தார். மாடு வரவில்லை.

“நாம்பன் எங்க?” என்று உம்மா கேட்டார்.

“பட்டியில நிக்கிது.”

“என்னத்துக்கு அங்க நிக்கிது?”

“என்ட கையால சோறு ஊட்டிப் போட்டன். மறுகா எப்பிடி அத அறுக்கச் சொல்ற?”

உம்மா சட்டியைப் பார்த்தார். “அப்ப என்ட புள்ளட கலியாணத்துக்கு வாற சனத்துக்கு என்னத்தக் குடுக்கிற? இந்தப் புக்கையையா?”

வேறு மாடு தேடினார்கள். அந்த மாதம் ஊரெல்லாம் கல்யாணம், இருந்த மாடுகளெல்லாம் பேசி வைத்தவை. மழையில் வழியெல்லாம் சேறு, தூரத்திலிருந்து கொண்டுவரவும் முடியாது. வாடைக்காற்றில் கடல் கொந்தளித்ததால் தோணியும் போகவில்லை. வீட்டில் நின்ற கோழிகளைப் பிடித்தால் மாப்பிள்ளையின் தோழர்களுக்கே காணாது. எனக்கு வாப்பாவின் மீது வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எனக்கு மாமியாக வரப்போகிறவர் சாய்ந்தமருதில் பேர்போன வாய்க்காரி. மாடில்லாத கல்யாணம் என்று அவர் ஊரெல்லாம் சொல்லித் திரிவார், நான் இனி எந்தக் கல்யாண வீட்டிலும் தலை காட்ட முடியாது என்று நினைத்து அழுதேன். உம்மாவின் கோபம் முழுக்கப் பட்டிக்காரரின் பெண்சாதி மேல் திரும்பியது. “அவள்ற முகத்துல இனி முழிக்க மாட்டன்” என்று சொல்லிவிட்டார்.

கல்யாணத்தன்று விடியற்காலையில் சுபஹு தொழுது முடிந்த நேரம், பட்டிக்காரரின் மக்கள் இரண்டு பேரும் தோளில் தடி வைத்துப் பெரிய பெட்டிகளைக் காவிக்கொண்டு வந்தார்கள். பெட்டி நிறைய விரால், உயிரோடு துள்ளுகிறது. முந்தின நாள் முழுக்கக் குளத்தோரப் பள்ளங்களில் இறங்கித் தகப்பனும் மக்களும் பிடித்தவை. பின்னால் வந்த பட்டிக்காரர் வாப்பாவிடம், “இத வச்சிச் சமாளிங்க போடியார்” என்று மட்டும் சொன்னார். இறைச்சிக்கென்று மசாலா அரைத்து வைத்திருந்த சமையல்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் அடுப்பில் சட்டியை ஏற்றினார். ஆனால் தேங்காய்ப்பாலும் புளியும் கொதித்து அந்த வாசம் வரத் தொடங்கியதும் பந்தலில் இருந்தவர்கள் அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

நிக்காஹ் முடிந்து பெண்கள் பக்கம் சாப்பாடு பரிமாறினார்கள். எங்கள் வழக்கப்படி சகன், ஒரு பெரிய தட்டைச் சுற்றி நாலைந்து பேர். நான் உள்ளறையில் மணப்பெண்ணாக உட்கார்ந்து, திரைச்சீலை இடுக்கால் மாமியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். “கலியாணச் சோத்துல முள்ளுப் பாத்துத் தின்னுறது எனக்கு இதான் முதல் தரம்” என்றார் அவர். சொல்லிவிட்டு இன்னொரு தலைத்துண்டு கேட்டார். எனக்குப் பாதி உயிர் வந்தது.

அப்போதுதான் பட்டிக்காரரின் பெண்சாதி ஒரு வாழைக்குலையை மூலையில் வைத்துவிட்டுப் புறப்படுவதைக் கண்டேன். எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் வருவார். மாட்டிறைச்சி பரிமாறுகிற இடத்தில் அவரால் இருக்க முடியாது. ஒரு வெற்றிலை போட்டுக்கொண்டு போய்விடுவார். யாரும் அவரை இருக்கச் சொன்னதில்லை, அவரும் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

“எங்ககா போறாய்?” என்று உம்மா கூப்பிட்டார். “இண்டைக்கு உனக்கு ஆகாததெண்டு இதுல ஒண்டும் இல்ல. கையக் கழுவிட்டு வந்து இரி.”

அந்த அம்மா தயங்கி நின்றார். பிறகு கை கழுவிவிட்டு வந்து, உம்மாவுக்கும் என் மாமிக்கும் நடுவில் உட்கார்ந்தார். உம்மா ஒரு நடுத்துண்டை எடுத்து, முள்ளை நீக்கி, அவர் பக்கத்துச் சோற்றில் வைத்தார். அவர் பிசைந்து சாப்பிட்டார். எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றில் அவர் சாப்பிட்டதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது.

எங்கள் ஊரில் பெண் தாய்வீட்டை விட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் வருவார். அதனால் மணப்பெண் அழுவதற்கு ஒரு நியாயமும் இல்லை. பக்கத்தில் இருந்த ராத்தா, எனக்கு மூத்தவர், என் கண்ணைத் துடைத்துவிட்டு, காதோடு காதாகச் சொன்னார்: “அழாதகா. பெருநாளைக்குப் பெரிய மாடா அறுப்பம்.”