பழைய வேனின் கறுப்பு ரெக்சினை உரித்தபோது

நான் திருத்தங்கலில் நர்ஸ். குடும்பத்தோடு வேளாங்கண்ணி போய்வர, உள்ளேயே படுத்துத் தூங்குகிற மாதிரி இருந்த பழைய வேன் ஒன்றை என் கணவர் வாங்கினார். உள்சுவரில் ஒட்டியிருந்த கறுப்பு ரெக்சின் எனக்குப் பிடிக்கவில்லை. உரித்துவிட்டு இளநீலத்தில் ஒட்டலாம் என்றேன்.

வண்டியைக் கொண்டுவந்து விட்ட பழைய சொந்தக்காரர் அதைக் கேட்டு, "பழசை உரிக்காதீக தங்கச்சி. மேலேயே நான் சும்மா பெயிண்ட் அடிச்சுத் தாரேன்" என்றார். தேய்ந்த டயரைக்கூட மாற்றித் தராதவருக்கு ஏன் இந்தத் திடீர்க் கரிசனம்?

அவர் போனதும் பின்மூலையில் கொஞ்சம் உரித்துப் பார்த்தேன். விரலெல்லாம் வெள்ளியாக மினுங்கியது. பட்டாசு கம்பெனி வேலை முடிந்து வரும் எங்கள் தெருப் பெண்களின் கைகளில் தினமும் பார்க்கிற மினுக்கம்! அதற்குள் கணவர், பசையைத் தேய்த்தெடுக்கும் மெஷினோடு உள்ளே ஏறினார்.

"ஏங்க, அதைப் போடாதீக! பட்டாசு மருந்து இருக்கு, உரசினா தீப்பிடிச்சிரும்!" என்று கத்தி, அவரை வெளியே இழுத்தேன்.

விற்றவரைக் கூப்பிட்டுக் கேட்டோம். "ஒரு சீசன் மருந்து லோடு அடிச்சது தங்கச்சி. சொன்னா யாரு வாங்குவா?" என்றார். விவரம் தெரிந்தவர்களை வைத்து எங்கள் கண்முன்னே சுத்தம் செய்ய வைத்து, வண்டியை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

இப்போது எந்தப் பழைய வண்டியைப் பார்க்கப் போனாலும், முதலில் ஈரத்துணியால் மூலைகளைத் துடைத்து, வெள்ளியாக மினுங்குகிறதா என்று துணியை வெயிலில் பிடித்துப் பார்க்கிறேன். துணியை நனைத்துத் தருவது என் கணவர்தான்.