ஸ்டெல்லா அக்காவின் வலது கை

ஸ்டெல்லா அக்கா போய்விட்டார். இன்று காலை. மூச்சிரைப்பு அதிகமாகி, ஜீப் பிடித்து வருவதற்குள்...

போனில் சொன்ன அவர் தம்பியிடம் "எந்த ஸ்டெல்லா?" என்று கேட்டேன். எனக்கு வேறு ஸ்டெல்லாவே கிடையாது.

கொடைக்கானலில் எங்கள் இருவருக்கும் ஒரே கிளினிக். நான் ரிசப்ஷன், அவர் லேப் டெக்னீஷியன். குழந்தை அழ ஆரம்பிப்பதற்குள் ரத்தம் எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்திவிடுவார். ஊசி என்றால் ஓடுகிறவர்கள்கூட "ஸ்டெல்லா சிஸ்டர் இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே வருவார்கள்.

அப்புறம் அந்தக் கை நடுங்க ஆரம்பித்தது. சும்மா இருக்கும்போது ஒன்றுமில்லை. டீ கிளாஸை எடுக்கப் போனால், பேனாவைப் பிடித்தால், ஆடும்.

எங்கள் ஊரில் கை நடுங்கினால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ஸ்வெட்டரை நீட்டுவார்கள். "என்னா குளிரு" என்பார் அக்கா, நான் ஹீட்டரை அவர் பக்கம் திருப்பி வைப்பேன். ஒரு கிறிஸ்துமஸுக்குக் கையுறை வேறு வாங்கிக் கொடுத்தேன். அவ்வளவு அறிவாளி நான்.

பிறகு மலைக்குக் கீழே வத்தலக்குண்டில் ஒரு மெடிக்கல் கேம்ப். மே மாதம். ஃபேனிலிருந்து அனல் வருகிறது. அக்காவின் கையில் சிரிஞ்சு ஆடுகிறது. நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

"என்ன புள்ள பாக்குற... இங்கயும் குளிருதுன்னு சொன்னா நம்புவியா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். கண் நிறைந்திருந்தது. அன்றைக்கு அவராகவே சிரிஞ்சைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு ரிப்போர்ட் எடுத்துக் கொடுக்கும் வேலைதான்.

மதுரைக்கு நான்தான் கூடப் போனேன். நரம்பியல் டாக்டர் படம் வரைந்து காட்டினார். "கையில கோளாறு இல்லம்மா. சிறுமூளை, நடுவுல தாலமஸ், மேல மூளையோட புறணி... மூணும் ஒண்ணுக்கொண்ணு சேதி அனுப்பிக்கிட்டே இருக்கும். உங்களுக்கு அந்தச் சுத்துல ஒரு ஆட்டம் மாட்டிக்கிச்சு. வெளிய போக மாட்டேங்குது."

"சீசன் டைம்ல ஏரியச் சுத்தி மாட்டுன வண்டிக கணக்காவா டாக்டர்?"

டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

முதலில் கொடுக்கும் மாத்திரை மூச்சிரைப்புக்காரர்களுக்கு ஆகாதாம். அடுத்ததைச் சாப்பிட்டால் நாள் முழுக்கத் தூக்கம். கடைசியில் ஆபரேஷன். தாலமஸில் ஒரு மெல்லிய வயர், நெஞ்சுத் தோலுக்கு அடியில் பேட்டரி.

முழிப்பில் வைத்தே செய்கிறார்கள். அட்டையில் சுருள் போடச் சொன்னார்களாம். முதலில் போட்டது கோழி கிளறியது போல. கரன்ட் கொடுத்ததும் போட்டது அச்சு அசல் கொசுவத்திச் சுருள்.

"அப்பிடியே நின்னு போச்சு புள்ள! இனி ஊசி பிடிக்கணும், வேறொண்ணும் வேணாம் எனக்கு."

அது மட்டும்தான் அவர் கேட்டது.

எங்கள் கிளினிக் டாக்டர் தயங்கினார். "ஸ்டாஃப் யாராச்சும் கைய நீட்டுனா ரத்தம் எடுத்துக் காட்டுங்க சிஸ்டர். அப்புறம் பாப்போம்."

அக்கா வேறு யாரிடமும் போகவில்லை. டிரேயை எடுத்துக்கொண்டு நேராக என் டேபிளுக்கு வந்தார். "கையக் குடு புள்ள."

நான் துப்பட்டாவுக்குள் கையை இழுத்துக்கொண்டேன்.

"சாப்ட்டு வந்துட்டேன்க்கா... வெறும் வயித்துல எடுக்கணும்ல?"

காலமெல்லாம் ரத்தம் எடுத்தவரிடம் இந்தக் கதையைச் சொல்கிறேன். சும்மா எடுத்துக் காட்டுவதற்கு வெறும் வயிறு எதற்கு என்று அவருக்குத் தெரியாதா?

ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். அந்தக் கை ஆடவே இல்லை. டிரே அசையவில்லை. நான் பார்த்தேன்.

"அதுக்கென்ன... இன்னொரு நாளு பாத்துக்கலாம்" என்று டிரேயைத் திரும்ப எடுத்துப் போனார்.

அது போன மாதம். அப்புறம் அவர் கேட்கவில்லை. நானும் போய்க் கையை நீட்டவில்லை. தினமும் பார்த்தோம், தினமும் பேசினோம்...

நாளை பத்து மணிக்குக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். தெரிந்தவர்கள் வாருங்கள்.

அக்கா... அன்னைக்கு நான் பச்சத் தண்ணிகூட குடிக்கல. பயந்துட்டேன்.

போயிட்டு வாங்க அக்கா.