மொட்டைமாடியில் ஒரு மருத்துவமனை

முட்டி போட்டபடியே சுவர் எழுப்பிக்கொண்டு போகிறார். கையில் சாக்பீஸ், கழுத்தில் அளவு நாடா. வெள்ளைக் கோடு தண்ணீர்த் தொட்டியின் நிழல்வரை ஓடி, அங்கே திரும்பி, ஜன்னலுக்கு நாலடி விட்டுவிட்டு மறுபடி தொடங்குகிறது. முடித்ததும் கோட்டுக்குள் போய் நின்று கண்ணை மூடிக்கொள்கிறார். "காத்து இந்தப் பக்கமிருந்து வருது" என்கிறார். மொட்டைமாடியில் காற்று எல்லாப் பக்கமிருந்தும்தான் வருகிறது. ஆனால் அவரிடம் அதைச் சொல்லிப் பயனில்லை.

எங்கள் கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் அவருக்குக் 'கனவுக்காரர்' என்று பெயர். திங்களும் வியாழனும் எல்லோரும் அலுவலகத்துக்கு வரவேண்டும். மற்ற மூன்று நாள் அவரவர் வீட்டிலிருந்து வேலை. நான் தூணுக்கும் கூரைக்கும் கணக்குப் போடும் பொறியாளன். எங்கே உட்கார்ந்து போட்டாலும் என் தூண் ஒன்றுதான். அவருக்கு அப்படியில்லை. தாளில் வரைந்த அறையை மாடியில் முழு அளவில் கோடு போட்டு, ஒரு பகல் அதற்குள் குடியிருந்து பார்க்காமல் அவருக்குத் தூக்கம் வராது. "ஆபீஸ்ல நான் தரையில படுத்தா நீங்க ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுடுவீங்க, பொறியாளரே" என்பார்.

இந்தப் பழக்கத்தைத் தொடங்கிவைத்தவர் அவர் மனைவி. வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறார். "ஒரு ஜாக்கெட்டுக்கே போட்டுப் பாத்துத்தான் பிரிச்சுத் தைக்கிறோம். கட்டடத்தைப் பிரிச்சா தைக்க முடியும்?" என்று கேட்டாராம். அன்றிலிருந்து, சமையலறைக்குக் கோடு போட்டால் அவர் பாத்திரமும் கையுமாக மேலே வந்துவிடுவார். "ஏங்க, திரும்பினா இடுப்புல இடிக்குது" என்று அவர் சொன்னால் மறுநாள் மேடை அரையடி தேய்ந்திருக்கும்.

அலுவலக நாட்களில் கனவுக்காரர் வேறு ஆள். வரைபடத்தைப் பெரிய மேசையில் விரித்து நாலு முனையிலும் டீ டம்ளரை வைத்துவிட்டு, "வாங்க, ஆளாளுக்குத் திட்டுங்க" என்று கூப்பிடுவார். எல்லோரும் திட்டுவோம். "வீட்டுல கனவு, ஆபீஸ்ல சண்டை. ரெண்டும் இருந்தாத்தான் சுவர் நேரா நிக்கும்" என்பது அவர் கட்சி.

போன வாரம் அந்தக் கட்சிக்கே ஆபத்து வந்துவிட்டது. ஒரு சிறிய மருத்துவமனைக்கு நோயாளி அறை வரைந்துகொண்டிருந்தார். மாடியில் கோடு போட்டவர், சுவருக்கு ஒரே கோடுதான் போட்டிருக்கிறார். சுவரின் ஒன்பது அங்குலக் கனத்தை மறந்துவிட்டார். அறை திடீரென்று தாராளமாகிவிட, அந்தச் சந்தோஷத்தில் வரைபடத்தில் துணைக்கு வருபவருக்கு ஒரு நாற்காலியையும் சேர்த்துவிட்டார். வியாழக்கிழமை நான் அளந்து பார்த்தேன். நாற்காலியின் பாதி சுவருக்குள் இருந்தது. "சார், சுவரை எங்க வெச்சீங்க? ஆகாயத்துலயா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியம்மா சிரிக்கவில்லை.

"வீட்டுல உக்காந்து கனவு கண்டா இப்படித்தான். அடுத்த மாசத்துலேர்ந்து எல்லாரும் அஞ்சு நாளும் இங்கதான்" என்றார்.

கனவுக்காரர் முகம் சுருங்கிப்போனது. என் வாய் சும்மா இருந்திருக்கலாம் என்று அன்று முழுக்க என்னை நானே திட்டிக்கொண்டேன். மாலையில் அவர் முதலாளியம்மாவின் அறை வாசலில் நின்று, "நாளைக்கு ஒரே ஒரு தடவை வந்து பாருங்க மேடம். அப்புறமும் வேணாம்னா, எழுதிக் குடுத்துட்டு அஞ்சு நாளும் வர்றேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் நானும் முதலாளியம்மாவுடன் போனேன். மேகம் மூடி, மாடி முழுக்கச் சாம்பல் வெளிச்சம் பரவியிருந்தது. இம்முறை சுவர்களுக்கு இரட்டைக் கோடு. உள்ளே பாய் விரித்து, நோயாளியாகப் படுத்திருந்தார் மனைவி. காலையிலிருந்து தைத்த களைப்பில் அவர் நிஜமாகவே தூங்கிப்போயிருந்தார்.

கனவுக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "முதல்ல தலைமாட்டை அந்தப் பக்கம் வெச்சிருந்தேன் மேடம். படுத்துக் கண்ணைத் தொறந்தா கழிவறைக் கதவுதான் தெரியுது. பேப்பர்ல அது தெரியல. திருப்பிட்டேன், இப்ப ஜன்னல் தெரியும். நாற்காலியை எடுத்துட்டேன். பொறியாளர் சொன்ன அந்தச் சுவரையே கொஞ்சம் வெளிய இழுத்து ஜன்னல் திண்டாக்கிட்டேன். துணைக்கு வர்றவங்க அதுல உக்காரலாம்."

வெளியே இழுத்த திண்டைத் தாங்க இனி நான்தான் கணக்குப் போடவேண்டும். அன்று அது எனக்குப் பாரமாகத் தோன்றவில்லை.

முதலாளியம்மா தூங்குகிறவரின் தலைமாட்டில் குனிந்து, அங்கிருந்து ஜன்னல் இருக்கவேண்டிய இடத்தைப் பார்த்தார். மேகம் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. கைப்பை அதிர்ந்தது, ஃபோனை எடுத்து அணைத்தார்.

மாடிப்படி இரண்டே எட்டில் இருந்தது, கோட்டைத் தாண்டினால் போதும். அவர் தாண்டவில்லை. பாயைச் சுற்றி, மறுகோடியில் வாசலுக்காக விட்டிருந்த இடைவெளிவரை நடந்து வெளியே வந்தார். பிறகு திரும்பி, கையை நீட்டி, இல்லாத கதவைச் சத்தமில்லாமல் இழுத்துச் சாத்தினார்.