ஏலக்காய் மூட்டையின் இடத்தில்

கடந்த நவம்பரில் பதினொரு நாள் குவாத்தமாலாவில் இருந்தேன். இத்தாலியின் பலெர்மோவில் வேளாண் புவியியல் படிக்கிறேன். முதுகலை ஆய்வேட்டுக்காக ஏலக்காய் விளையும் ஒரு மலை மாவட்டத்தை நேரில் பார்க்க வேண்டியிருந்தது. வெளியே சொன்ன காரணம் அது. மற்றபடி, போர்கோ வெக்கியோ என்ற பழைய பகுதியில், ஒரு மூன்றாம் மாடியில் அம்மாவும் நானும் மட்டும். அவர் காலை ஆறரைக்கு ஓர் இத்தாலிய சிஞ்ஞோராவின் வீட்டு வேலைக்குப் போய்விடுவார். நான் நூலகத்துக்கு. சில நாட்கள் மாலை வரை ஒரு சொல்கூடப் பேசியிருக்க மாட்டேன்.

“அங்கை உனக்கு ஆர் இருக்கினம்?” என்று அம்மா கேட்டார்.

ஒருத்தரும் இல்லை என்றேன்.

“அப்ப இஞ்சை மாதிரித்தான்,” என்று பெட்டியை மூடினார்.

ரோம், மட்ரிட் வழியாக இருபத்தொரு மணி நேரம். போகவர 740 யூரோ. இத்தாலியக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டாம். பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி மட்டும் வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே விசாரியுங்கள். தலைநகரிலிருந்து கோபான் நகரத்துக்குப் பேருந்தில் ஆறரை மணி நேரம், 90 கெட்சால். அங்கிருந்து சந்தை ஊருக்குச் சிறு வான், இரண்டு மணி நேரம், 35. கடைசிப் பதினாலு கிலோமீட்டர் பிக்கப் வண்டியின் பின்தட்டில், நின்றபடி. 20 கெட்சால். என்னோடு ஊர்க்காரர் ஒன்பது பேர். எல்லோரும் ஒரே கம்பியைப் பிடித்திருந்தோம். யாரும் என்னிடம் பேசவில்லை.

மலை சுண்ணாம்புக்கல். பலெர்மோவைச் சூழ்ந்திருக்கும் அதே வகை. இங்கே மொட்டை, அங்கே பச்சை, ஈரம், நாள் முழுக்கத் தூறல். ஓடைகள் பாறைக்குள் இறங்கி மறைந்துவிடுகின்றன. மேல் சரிவில் சோளம். கீழே, மரநிழலில், ஏலக்காய். சோளம் சாப்பிட. ஏலக்காய் விற்க. சோளம் தீர்ந்த மாதங்களில் ஏலக்காயை விற்றுச் சோளம் வாங்குகிறார்கள். மாவட்டத்தின் பொருளாதாரத்தை ஆய்வேட்டில் நாற்பது பக்கம் எழுதியிருக்கிறேன். அதன் சுருக்கம் இதுதான்.

கந்தெலாரியா என்ற பெண்ணின் வீட்டில் ஐந்து நாள் தங்கினேன். கணவர் தலைநகரில் கட்டட வேலை. வீட்டில் கெக்சி என்ற மாயா மொழி. என்னோடு கொஞ்சம் ஸ்பானியம். நான் இத்தாலியம் கலந்து சமாளித்தேன். அவர் சொன்னவற்றை இங்கே என் வீட்டுத் தமிழில் எழுதுகிறேன், வேறு தமிழ் எனக்குப் பேச வராது. மூன்று நாள் குனிந்து பறித்து ஒரு மூட்டை சேர்த்தார். அதை விற்று இரண்டு மூட்டை சோளம் வாங்க வேண்டும். வீட்டில் இருந்த சோளம் நான்கு நாளுக்கு.

பச்சை ஏலக்காய் காத்திருக்காது. பறித்தபின் சூடேறும், நிறம் போகும், விலை போகும். ஊரில் உலர்த்தும் அடுப்பு இல்லை. சந்தை ஊரில் இருக்கிறது. காலை பத்துக்குள் அது நிறைந்துவிடும். பிக்கப் இறங்குவது புதனும் வெள்ளியும். முந்தைய மாலையே மூட்டைகளைப் பாதையோரம் வரிசையாக வைத்துவிடுவார்கள். வரிசைதான் முன்பதிவு. செவ்வாய் மாலை எனக்காக ஒரு கோழியைச் சமைத்ததில் கந்தெலாரியா பிந்திவிட்டார். அவருடைய மூட்டை கடைசி. பன்னிரண்டாவது.

என் விமானம் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளி வரை இருந்திருக்கலாம். ஆனால் ஐந்து நாளாகத் தொலைபேசிக்கு சிக்னல் இல்லை, எனக்குப் போதும் என்றிருந்தது. புதன் காலை ஐந்து இருபதுக்கு ஓட்டுநரிடம் நாற்பது கெட்சாலைக் கொடுத்துப் பின்தட்டில் ஏறினேன். மேலே வந்தது அப்படித்தானே. அவர் வரிசையைப் பார்த்தார், ஈரச் சரிவைப் பார்த்தார், பதினொரு மூட்டை ஏற்றிக் கதவை அடைத்தார்.

அப்போதுதான் கவனித்தேன். வேறு ஒருவரும் ஏறவில்லை. இறங்கும்போது வண்டி மூட்டைகளுக்கு. ஆட்கள் குறுக்குப் பாதையால் நடக்கிறார்கள்.

நான் இறங்கப் பார்த்தேன். கந்தெலாரியா கையைக் காட்டித் தடுத்தார்.

“நீ போ. உனக்குப் பிளேன் எல்லோ.”

எப்போது என்று அவர் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை. வண்டி திரும்பும்போது அவர் முதுகில் சுமப்பதற்காக மூட்டைக் கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டிருந்தார்.

ஆறரைக்குச் சந்தை ஊர். சிக்னல் வந்தது. அம்மாவின் இரண்டு செய்திகள், வங்கியின் ஒன்று. உலர்த்தும் கொட்டகை வாசலில் உட்கார்ந்தேன். ஏழரையிலிருந்து மற்றவர்கள் கூட்டமாகச் சிரித்தபடி வந்தார்கள். கந்தெலாரியா வந்தபோது பதினொன்று பத்து. அடுப்பு நிறைந்துவிட்டிருந்தது. வாங்குபவர் மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டார். சூடு. இரண்டாம் தரக் குவியலைக் காட்டினார். கந்தெலாரியா மூட்டையை அங்கே கொட்டினார்.

சோளம் ஒரு மூட்டைதான் வாங்க முடிந்தது. மற்றதை நான் தருகிறேன் என்றேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டு வேறொன்று கேட்டார்.

“இதை வாங்கிற ஆக்கள் இதாலை என்ன செய்யிறவை?”

“நாங்கள் தேத்தண்ணிக்குப் போடுவம்.”

“தேத்தண்ணிக்கோ?” சோள மூட்டையின் வாயைக் கட்டினார். “அதுக்கோ இவ்வளவும்?”

நண்பகலில் பிக்கப் மேலே திரும்பியது. இப்போது ஆட்கள் ஏறினார்கள். கந்தெலாரியா சோள மூட்டையைக் காலருகே இழுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“வாறியோ? இடம் இருக்கு.”

கோபானுக்கு வான் இரண்டு மணிக்கு என்றேன்.

போக நினைப்பவர்களுக்கு: அறுவடை அக்டோபரில் சூடுபிடிக்கிறது. மழைச்சட்டை அவசியம். சந்தை ஊருக்கு அப்பால் வங்கி அட்டை செல்லாது, பணமாக வைத்திருங்கள். மேலே போகப் பிக்கப்பில் ஏறலாம். இறங்கும்போது ஏறாதீர்கள், ஓட்டுநர் சம்மதித்தாலும். குறுக்குப் பாதை ஒன்பது கிலோமீட்டர், வெறுங்கையோடு இரண்டேகால் மணி நேரம். வழி தவறாது. அந்த நேரத்தில் ஊரே அதில்தான் இறங்குகிறது, பேசிக்கொண்டு.