வேலைக்கும் பந்தயத்துக்கும் ஒரே வண்டி

எண்பதுகளின் தொடக்கத்தில் பீடோங்கை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தில் குடியிருந்தோம். என் கணவருக்கு முதல் மனைவி பந்தய மோட்டார், நான் இரண்டாம் தாரம் என்று எங்கள் வரிசை வீடுகளான லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதைக் கேட்டால் அவர் சிரிப்பார், மறுக்க மாட்டார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் முதுகில் ரெண்டு வைக்கலாம் போலிருக்கும்.

அவர் பீடோங்கில் ஒரு மோட்டார் பட்டறையில் வேலை செய்தார். நான் சுங்கை பட்டாணியில் வானொலிச் சாமான்கள் செய்யும் தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். தொழிற்சாலை பஸ் விடியுமுன் பீடோங் கடைத்தெருவான பசாருக்கு வந்து எங்களை ஏற்றிக்கொண்டு போகும். லயத்திலிருந்து பசார் வரை செம்மண் சாலை, இரண்டு பக்கமும் பால்மரக் காடு. அந்த இருட்டில் ஒரு பெண் தனியாகப் போகக்கூடாது என்பது தோட்டத்தில் யாரும் எழுதிவைக்காத சட்டம். அதனால் அவருடைய பழைய சின்ன மோட்டாரில் பின்னால் உட்கார்ந்துதான் போவேன். அது நடுக்காட்டில் நின்றுபோகும். இப்படிப் பலமுறை பஸ்ஸைத் தவறவிட்டதால், இன்னொரு தடவை தாமதமானால் வேலை போய்விடும் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார்.

என் மாமியாருக்கு அதில் உள்ளுக்குள் மகிழ்ச்சி. "மரஞ்சீவப் போறதுக்கு பஸ்ஸு வேணாம் பாத்தியா? பேசாம எங்கூட வந்திரு" என்றார். எனக்கோ அந்த வேலை உயிர். வெள்ளை மேலங்கி போட்டுக்கொண்டு, விசிறி ஓடும் கூடத்தில் உட்கார்ந்து, என் வயதுப் பெண்களோடு வாயாடிக்கொண்டே செய்யும் வேலை. அதை விட்டுவிட்டுப் பால் வாளி தூக்க நான் தயாராக இல்லை.

ஆக, நல்ல வண்டி ஒன்று வேண்டும். அவர் பந்தயத் தடத்தில் ஓட்டக்கூடிய வண்டி வேண்டும் என்றார். நான் விடிகாலையில் ஏமாற்றாமல் கிளம்பும் வண்டி வேண்டும் என்றேன். இரண்டு வண்டிக்கு வழியில்லை. வாரநாளில் எனக்கு, பந்தய ஞாயிறுகளில் அவருக்கு என்று ஒரே வண்டியில் உடன்பாடு ஆனது. "ஆத்துல ஒரு காலு, சேத்துல ஒரு காலு" என்று மாமியார் முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டார்.

நான் இன்னொரு நிபந்தனையும் போட்டேன். வண்டி எங்கள் வீட்டுக் கதவுக்குள் நுழைய வேண்டும். லயத்தில் ராத்திரி வெளியே நிறுத்திய மோட்டாரில் காலையில் பெட்ரோல் இருக்காது. எல்லாருமே வண்டியை வீட்டுக்குள் ஏற்றி, சாமிப்படத்துக்குக் கீழே நிறுத்திவிட்டுத்தான் படுப்பார்கள். கதவின் அகலத்தை ஒரு சணல் கயிற்றில் அளந்து, முடிச்சுப் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

முதலில் சுங்கை பட்டாணியில் ஒரு கடையில் நான்கு சிலிண்டர் வண்டி பார்த்தோம். அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். நான் கயிற்றைப் பிடித்தேன். "கதவ மட்டும் இல்லங்க, செவத்தையும் இடிக்கணும்" என்றேன். கடைக்காரச் சீனருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் கயிற்றைப் பார்த்ததும் புரிந்துகொண்டு சிரித்துவிட்டார். அடுத்து பட்டர்வொர்த்தில் பெட்ரோலோடு எண்ணெய் கலந்து குடிக்கும் பந்தய வண்டி ஒன்று. தனியாக ஓட்டினால் பறந்தது, என்னைப் பின்னால் ஏற்றியதும் அழுதது. அது விட்ட புகைக்கு என் வெள்ளை மேலங்கி ஒரு வாரம் தாங்காது. அவர் முகம் தொங்கிப்போனது.

பிறகு கோலா கெடாவில் ஒரு மலாய்க்காரர் வண்டி விற்கிறார் என்று பட்டறைக்குச் செய்தி வந்தது. போய்ப் பார்த்தோம். அதில் இரண்டு சிலிண்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் இல்லை. ஒன்று முன்னுக்கும் ஒன்று பின்னுக்குமாகச் சாய்ந்து, அடியில் சேர்ந்து, விரித்த இரண்டு விரல் மாதிரி நின்றன. அதனால் வண்டியின் இடுப்பு ஒல்லி. கயிற்றைப் பிடித்துப் பார்த்தேன். முடிச்சுக்கு உள்ளேயே அடங்கியது. அவர் என்னைப் பார்த்த பார்வை, கல்யாணத்தன்று கூட அப்படிப் பார்க்கவில்லை.

கடல்காற்றில் சக்கரக் கம்பிகளெல்லாம் துரு ஏறியிருந்தன. வலது கால்மிதியின் முனை தேய்ந்து மொட்டையாக இருந்தது. விழுந்த வண்டியா என்று என் கணவர் கேட்டார். மீன் சந்தையில் மீன் தண்ணீரில் வழுக்கி விழுந்தது, ஒரே தடவைதான் என்று அந்த மனிதர் வெட்கத்தோடு ஒப்புக்கொண்டார். இவர் கைப்பிடியில் சாய்ந்து முன்பக்கத்தை அழுத்தினார், சங்கிலியை இழுத்துப் பார்த்தார், குனிந்து எண்ணெய் கசிகிறதா என்று தடவினார். எல்லாம் சரி என்று கையைத் துடைத்தார். வாங்கியே விட்டார் போலிருந்தது.

நான் போய் இன்ஜினில் கை வைத்தேன். சுட்டது.

"இது ஏன் சூடா இருக்கு?" என்றேன். காலையில் கடைக்குப் போய்வந்தேன் என்றார் மலாய்க்காரர். இருக்கலாம். ஆனால் சூடான வண்டி எல்லாம் கிளம்பும். எனக்கு வேண்டியது குளிர்ந்த விடியலில் கிளம்பும் வண்டி. "ஆறட்டும், அப்புறம் பேசலாம்" என்றேன். "ஏய், மனுசன் தப்பா நெனப்பாருலா" என்று இவர் நெளிந்தார். நெளியட்டும் என்று படகுத்துறைப் பக்கம் நடந்தேன். சுட்ட மீனும் சோறும் வாங்கிச் சாப்பிட்டோம். லங்காவிக்குப் போகும் படகு ஒன்று கிளம்புவதைப் பார்த்தோம், இன்னொன்று வருவதையும் பார்த்தோம். அவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "ஆறியிருக்கும்" என்றார். வேறு யாராவது வந்து வாங்கிவிடுவார்கள் என்ற பயத்தில் மீன்முள்ளைக்கூடச் சரியாக எடுக்கவில்லை.

திரும்பி வந்து தொட்டேன். சில்லென்றிருந்தது. பொத்தானை அழுத்தியதும் முதல் அழுத்தில் கிளம்பியது, தம்தம்மென்று. அந்த மனிதர் என்னைப் பார்த்து, இந்த வண்டியை நீங்கள்தான் வாங்க வேண்டும் என்று மலாயில் சொன்னார். வயல்வெளிச் சாலையில் இருவரும் ஏறிப் போனோம். மெதுவாகப் போகும்போதும் திணறாமல் இழுத்தது. பின் சிலிண்டரின் சூடு மட்டும் கெண்டைக்காலில் ஏறியது. விடியல் குளிருக்கு அது நல்லதுதான் என்று ஏற்றுக்கொண்டேன்.

அதன்பின் நான் ஒருநாளும் பஸ்ஸைத் தவறவிடவில்லை. மாமியார்கூட ஒருமுறை அதில் ஏறிக் கோயிலுக்குப் போய்வந்து, இரண்டு நாள் அதைப் பற்றியே பேசினார்.

பந்தய ஞாயிறு வந்தது. பட்டறை முதலாளி தவுக்கேயின் லோரியில் வண்டியை ஏற்றிக்கொண்டு கோலாலம்பூர் பக்கம் போனோம். விளக்கு, கண்ணாடி, பின் கால்மிதி எல்லாவற்றையும் கழற்றி என் மடியில் போட்டார். ஒப்புக்குக் கைதட்டிவிட்டு வருவோம் என்றுதான் போனேன். அவர் மூன்றாவதாக வந்துகொண்டிருந்ததும் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்த ஆரம்பித்துவிட்டேன். எனக்கே என்னைத் தெரியவில்லை. கடைசிச் சுற்றில், கடைசி வளைவில், முன்னால் போன இரண்டு பேரும் வெளிப்பக்கமாக அகன்று போய்விட்டார்கள். உள்பக்கம் வழி அப்படியே திறந்து கிடந்தது. மெதுவான வளைவிலிருந்து எழும்பி இழுக்க அந்த வண்டியை விட்டால் வேறு வண்டி கிடையாது. அவர் முறுக்கிய கையைத் தளர்த்தினார். நான் கண்ணால் பார்த்தேன். மூன்றாவதாகவே வந்தார்.

லோரியில் ஏறியதும் பிடித்துக்கொண்டேன். "வழி தொறந்துதானே இருந்துச்சு? ஏங்க விட்டீங்க?"

அவர் பின்னால் கட்டியிருந்த வண்டியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "விழுந்திருந்தா நாளைக்கு நீ எப்படி வேலைக்குப் போவ?" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது. என் வேலைக்காக நான் போராடி வாங்கிய வண்டி அவர் கையைக் கட்டிப்போட்டிருந்தது. நான் கேட்கும்வரை அதை அவர் சொல்லிக் காட்டவும் இல்லை. ஊர் வரும்வரை அவர் பக்கம் திரும்பாமல், ஒரு சைக்கிள் என்ன விலை என்று கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன்.

அடுத்த மாதமே ஒரு சைக்கிள் வாங்கினேன். பக்கத்து லயத்துப் பெண் ஒருத்தி எங்கள் தொழிற்சாலையில் சேர்ந்திருந்தாள். இரண்டு பேருமாக விளக்குப் போட்டுக்கொண்டு பசாருக்கு மிதிக்க ஆரம்பித்தோம். தோட்டமே பேசியது. பேசிவிட்டு ஓய்ந்தது. "மோட்டார் இருந்தாலும் இல்லாட்டியும் நான் வேலைக்குப் போயிருவேன். நீங்க பயப்படாம ஓட்டுங்க" என்று அவரிடம் சொன்னேன்.

அவர் பயப்படாமல் ஓட்டினார். அடுத்த பந்தயத்தில் அதே வளைவில் உள்பக்கம் பாய்ந்து, இரண்டு பேரைத் தாண்டி, முதலாவதாக நிமிர்ந்து, முடிவுக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் புல்லில் உருண்டார். ஓடிப்போய்ப் பார்த்தேன். இடது கை ஒடிந்திருந்தது. முகத்தில் மட்டும் அப்படி ஒரு சிரிப்பு. "பாத்தியா? தாண்டுனேன், பாத்தியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

சில நாள் கழித்து, கட்டுப்போட்ட கையோடு பட்டறைக்குப் போய் உட்கார்ந்தாவது வேலை பார்க்கிறேன் என்றார். அவரைச் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டேன். விடியவில்லை. பக்கத்து லயத்துப் பெண் தன் சைக்கிளில் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். செம்மண் சாலை இறங்கி வளையும் இடம் வந்தது. பின்னாலிருந்து என் தோளைப் பிடித்து அழுத்தினார்.

"மெல்லப் போலா. விழுந்தா?"

"விழுந்தா எந்திரிச்சுப் போலாங்க. பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கு" என்று மிதித்தேன்.