ரெண்டுதரமும் பதினோராவது வீடியோவும்

அவரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரெண்டுதரம் என்றால்தான் தெரியும். வீட்டைப் பூட்டிவிட்டு தெருமுனை வரை போவார், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்தால் பின்னாலேயே போய்த் திருகைத் தொட்டுப் பார்ப்பார். மருந்துக் கடையில் வேலை செய்யும் அந்த அம்மாள் வாய்க்குப் பஞ்சமில்லாதவள். "கல்யாணத்துக்குச் சம்மதமான்னு என்கிட்டயே ரெண்டுதரம் கேட்டாரு. ரெண்டாவது தரம் நான் கொஞ்சம் யோசிச்சிருக்கணும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

வீட்டின் பின்னறையில் கம்ப்யூட்டர் வைத்து வீடியோ எடிட்டிங் செய்வது அவர் பிழைப்பு. கல்யாணம், கடைத் திறப்பு, பள்ளி ஆண்டு விழா என்று எது வந்தாலும் இரண்டு இடத்தில் காப்பி வைப்பார். இருபது வருடத்தில் ஒருவருடைய வீடியோவும் தொலைந்ததில்லை. பயந்தவன் என்று ஊர் கேலி செய்யலாம், ஆனால் அந்தப் பயத்தை நம்பித்தான் ஊர் தன் சாமான்களை அவரிடம் கொடுத்தது.

அவருடைய தங்கையின் கணவரும் அப்படித்தான் கொடுத்தார். அவர் பிளம்பர். நான்கு வருடத்துக்கு முன்பு, இன்னும் சில மாதம்தான் என்று டாக்டர்கள் சொன்ன பிறகு, இந்தப் பின்னறையில் கேமரா முன்னால் மூன்று நாள் உட்கார்ந்தார். அப்போது ஏழு வயதாயிருந்த மகளுக்காகப் பதினோரு வீடியோ எடுத்தார்கள். குழாயில் வாஷர் மாற்றுவது எப்படி, ஃப்ளஷ் டேங்க் ஒழுகினால் எங்கே கை வைப்பது, சைக்கிள் செயின் கழன்றால் என்ன செய்வது, ஏமாற்றுகிற மெக்கானிக்கை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பத்து. பதினோராவதற்கு மட்டும், "மச்சான், கேமராவை ஓட விட்டுட்டு நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றார். மச்சான் மூடிய கதவுக்கு வெளியே இருபத்திரண்டு நிமிடம் நின்றார். உள்ளே என்ன பேசினார் என்று அவர் கேட்கவில்லை, பிறகு போட்டுப் பார்க்கவும் இல்லை.

காரியமெல்லாம் முடிந்தபின் தங்கையிடம் கொடுக்கப் போனபோது அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"இப்ப என்னால பாக்க முடியாதுண்ணா. உன்கிட்டயே இருக்கட்டும். உன்கிட்ட இருந்தா தொலையாது."

அந்தப் பதினொன்றும் ஒரு பழைய ஹார்டு டிஸ்க்கிலும், போன வருடம் வாங்கிய எஸ்எஸ்டி என்கிற புது மாதிரி வட்டு ஒன்றிலும் இருந்தன. போன வாரம் பழைய டிஸ்க் டக் டக் என்று இரண்டு நாள் முனகிவிட்டு ஒரேயடியாகக் கண்ணை மூடியது. அவர் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு காப்பி மட்டும் மிச்சம். அவருக்குச் சோறு இறங்கவில்லை.

கம்ப்யூட்டர் கடைக்கு ஓடினார். போன வருடம் வாங்கிய அதே கம்பெனி, அதே அளவு எஸ்எஸ்டி இரண்டு கேட்டார். தெரியாத தேவதையைவிடத் தெரிந்த பிசாசு மேல் என்பது அவர் கட்சி. கடைக்காரர்தான் புது யோசனை சொன்னார்.

"ரெண்டையும் சேர்த்துக் கட்டிடுங்க சார். ஒவ்வொரு வீடியோவையும் பாதி இதுல, பாதி அதுல எழுதும். வேகம் ரெண்டு மடங்கு."

"ஒண்ணு செத்துப் போச்சுன்னா?"

"ரெண்டும் போச்சு. பாதியை வச்சுக்கிட்டு என்ன பண்றது? அதனால அதுல வேலை மட்டும் பண்ணுங்க. காப்பி தனியா இருக்கட்டும்."

எதையும் இரண்டாக வைத்தே பழகிய மனிதருக்கு, எதிலும் முழுசாக இல்லாத ஒரு ஏற்பாடு. ஆனால் புதுக் கேமராக்களின் வீடியோ அவர் மெஷினில் நொண்டியடித்தது, போன மாதம் இரண்டு வாடிக்கையாளர்கள் வேறு ஆளிடம் போய்விட்டார்கள். வாங்கிக்கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கை போன் செய்தாள். "அடுப்படிக் குழாய் ஒழுகுதுண்ணா. ஆள் கூப்பிடலாம்னா உன் மருமக விட மாட்டேங்கறா. அப்பா சொல்லிக் குடுத்திருக்காராமே, அதைக் கொண்டா, நானே மாத்தறேங்கறா. நாலு மணிக்கு வரேன். எல்லாத்தையும் எடுத்து வை. இன்னிக்கு நானும் பாத்துடறேன்."

நாலு மணிக்குள் புது வட்டுகளைக் கட்டி, பதினொன்றையும் அதில் ஒரு காப்பி போட்டுவிட்டால் மறுபடியும் இரண்டாகிவிடும். அப்புறம்தான் மூச்சு வரும்.

"முதல்ல அதை என் போன்ல போட்டுட்டு அப்புறம் பெட்டியைத் திறங்க" என்றாள் மனைவி.

"உன் போன்லயா? பஸ்ல வச்சுட்டு வந்துடுவே."

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். அவர் பதறினார். ஒன்றுபோலவே இருந்த மூன்று எஸ்எஸ்டிகளும் மாறிப்போகாமலிருக்க வெள்ளைத் தாளில் எண் எழுதி ஒட்டினார். புதியவை ஒன்று, இரண்டு. வீடியோ இருந்தது மூன்று. வரிசையாகச் செருகினார். கம்ப்யூட்டரை முடுக்கியதும் நீலத் திரையில் வட்டுகளின் பட்டியல் வந்தது. பூஜ்யம், ஒன்று, இரண்டு. மூன்றுக்கும் ஒரே பெயர், ஒரே அளவு. பூஜ்யம் என்று தலைமாட்டில் நின்றதை விண்டோஸ் இருக்கும் வட்டு என்று நினைத்துக்கொண்டார், அப்படியானால் தன் மூன்று எங்கே என்று அந்தப் பதற்றத்தில் தோன்றவில்லை. சேர்த்துக் கட்ட ஒன்றையும் இரண்டையும் தேர்ந்தெடுத்தார். உள்ளிருப்பது எல்லாம் அழியும், சம்மதமா என்று கேட்டது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தாளில் எழுதியதைச் சரிபார்த்தார். சம்மதம் என்றார். நிஜமாகவா என்று மறுபடி கேட்டது. மறுபடி சரிபார்த்தார். மறுபடி சம்மதம் என்றார்.

மனிதன் ஒன்றிலிருந்து எண்ணுகிறான், அந்தச் சனியன் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது. இவர் 'மூன்று' என்று ஒட்டியதுதான் அதற்கு 'இரண்டு'.

விண்டோஸ் வந்தது. சேர்த்துக் கட்டிய வட்டு தயார், ஃபார்மட் செய்யவா என்று ஒரு பெட்டி எழுந்தது. விரல் மவுஸ்மேல் இருந்தது. அழுத்துவதற்கு முன், பழக்க தோஷம், சேர்க்காமல் விட்ட வட்டைத் திறந்து பதினொன்றும் இருக்கிறதா என்று பார்க்கப் போனார். அது புத்தம் புதியது, உள்ளே எதுவும் இல்லை என்று கம்ப்யூட்டர் சொன்னது.

அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளையை இன்னொரு தரம் கொன்றுவிட்டேன் என்று வாய்விட்டே சொன்னார். ஓடிவந்த மனைவி கேலி எதுவும் செய்யவில்லை, கடைக்காரருக்குப் போன் போட்டு அவர் காதில் வைத்தாள்.

"ஃபார்மட் குடுத்தீங்களா சார்?"

"இல்ல."

"நிஜமா குடுக்கலையே?"

"இல்லப்பா."

"பொழச்சீங்க. குடுத்திருந்தா அந்த எஸ்எஸ்டி தன்னையே துடைச்சுக்கிட்டிருக்கும். கரண்ட்டைப் புடுங்கிடுங்க. எதையும் தொடாதீங்க, வரேன்."

வந்தவர் அந்த வட்டைக் கழற்றித் தன் லேப்டாப்பில் மாட்டி, மிச்சத்தைத் தேட விட்டார். பச்சைக் கோடு எறும்பைவிட மெதுவாக நகர்ந்தது. பெயரெல்லாம் போய்விட்டது, வெறும் எண்ணோடு ஒவ்வொன்றாக வந்தன. வர வர, ரெண்டுதரமே ஒவ்வொன்றையும் ஒரு வினாடி மட்டும் ஓட்டிப் பார்த்தார். வாஷர் வந்தது. சைக்கிள் செயின் வந்தது. மூன்றரைக்குள் பத்து வந்துவிட்டது. பதினோராவது வரவில்லை. எது எது வந்ததென்று மறுபடி எண்ணினார். கதவுக்கு வெளியே தன்னை நிற்க வைத்த அந்த ஒன்றுதான் இல்லை.

நாலு மணிக்குத் தங்கை வந்து அறை வாசலில் செருப்பைக் கழற்றினாள். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தார். மனசு வரவில்லை.

"நான் அழிச்சுட்டேன்மா. மாப்பிள்ளை என்னை வெளிய போகச் சொன்னாரே, அது. நான்தான், ரெண்டுதரம் பாத்துட்டு, நானே அழுத்தினேன்."

அவள் திட்டியிருந்தால் தேவலை. ஸ்டூலில் உட்கார்ந்து அந்தப் பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோடு கடைசியைத் தொடுகிற நேரத்தில் பட்டியலில் இன்னொரு எண் விழுந்தது.

"பெரிய ஃபைல் சார்" என்றார் கடைக்காரர். "ஆனா துண்டு துண்டா கிடந்திருக்கும். நடுவுல அறுந்திருக்கலாம். கடைசி வரைக்கும் ஓட்டிப் பாத்தாதான் தெரியும்."

தங்கை எழுந்து லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க."

கதவு மூடியது. நான்கு வருடத்துக்கு முன் நின்ற அதே இடத்தில் அவர் நின்றார். உள்ளே மாப்பிள்ளையின் குரல் மெதுவாகத் தொடங்கியது. வார்த்தை எதுவும் புரியவில்லை, அவருக்குப் புரியவும் வேண்டாம், ஓடினால் போதும். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நிமிடம். எட்டு. ஒன்பதாவது நிமிடத்தில் குரல் நின்றது. அறுந்துவிட்டது என்று சுவரில் சாய்ந்தார். உள்ளே ஒரு இருமல் கேட்டது. பிறகு குரல் தொடர்ந்தது. பதினைந்தில் தங்கை சிரித்தாள். பதினெட்டில் அழுதாள். இருபதிலிருந்து அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டார்.

கதவு திறந்தது. தங்கையின் முகம் நனைந்திருந்தது.

"முழுசா இருக்குண்ணா."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு காப்பி போட்டுக் குடு" என்றாள். "ஒண்ணு எனக்கு. ஒண்ணு எப்பவும் போல உன்கிட்டயே இருக்கட்டும்."