கொழுந்துக்காரி வேஷம்

கண்டியில் கல்யாணம் கட்டுகிறவர்களுக்கு இப்போது ஒரு கிறுக்குப் பிடித்திருக்கிறது. கல்யாணத்துக்கு முன்பே தேயிலைத் தோட்டத்துக்குப் போய், மாப்பிள்ளை வெள்ளைக்காரத் துரையாகவும் பெண் கொழுந்து பறிக்கிறவளாகவும் வேஷம் கட்டிப் படம் எடுக்க வேண்டுமாம். இந்தக் கூத்துக்குத் தொப்பி, கூடை, கமரா எல்லாம் கொண்டுபோகிறவர்கள் நானும் என் மனைவியும்தான்.

ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே கமராவை மாற்றி மாற்றிப் பிடித்து, ஹந்தானை மலைப் பனியையும் மின்கம்பிக் காகங்களையும் எடுத்துத் திரிந்தோம். ஆசைக்குச் செய்ததைத் தொழிலாக்கினோம். வந்து வாய்த்தவர்கள் இந்த ரகம். எந்தக் காகமும் தன்னை வெள்ளையாக்கித் தரச் சொன்னதில்லை.

அன்றைக்கு வந்தது கண்டி நகைக்கடைக்காரரின் மகனும், அவனுக்குப் பேசியிருந்த கம்பளைப் பெண்ணும். கூடவே மாப்பிள்ளையின் அக்கா. வாடகை வான் வண்டியில் ஏறியதிலிருந்து அந்த அம்மாளின் வாய் மூடவில்லை. புசல்லாவைப் பாதையில் தேயிலை தெரியத் தொடங்கியதும், "இந்த அட்டைக் கடிக்குள்ள தோட்டத்துச் சனம் எப்படித்தான் நிக்குதோ, சீ" என்று முகத்தைச் சுளித்தாள். என் மனைவி பிறந்த தொழிலாளர் லய வீடும் அந்தப் பாதையில்தான் இருக்கிறது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

துரைத் தொப்பியும் பிரம்புமாக மாப்பிள்ளை நின்ற நிலை பார்க்கச் சகிக்கவில்லை. மணமகளின் தலையில் கூடைக் கயிற்றை மாட்டிவிட்டு, "சும்மா ஒரு இலையத் தொட்டுக்கிட்டுச் சிரிங்க" என்றேன். அவளோ பறிக்கவே தொடங்கிவிட்டாள். இரண்டு கைகளும் செடிமேல் ஓடின. பறித்த கொழுந்து, அவள் திரும்பிப் பாராமலே தோளுக்கு மேலால் கூடைக்குள் போய் விழுந்தது. அதுவரை ஒட்டியிருந்த போலிச் சிரிப்பு முகத்தில் இல்லை. என் மனைவி விடாமல் எடுத்துத் தள்ளினாள்.

"என்ன தங்கச்சி, கை இந்தப் போக்குப் போகுது? பழக்கமோ?" என்றாள் அக்கா.

மணமகளின் கை அப்படியே நின்றுவிட்டது. கம்பளையில் அவளுடைய அப்பாவுக்குக் கடை இருக்கிறது, அதற்கு முன் எந்தத் தோட்டத்தில் இருந்தார்கள் என்பதை மாப்பிள்ளை வீட்டாரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"நீங்க மேக்கப் போட்டுக்கிட்டு இருந்தப்ப நான்தான் சொல்லிக் குடுத்தேன்" என்றாள் என் மனைவி, கமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமலே.

அக்கா நம்பிவிட்டாள். தன் முகத்தைத் தவிர வேறெதையும் உற்றுப் பார்த்துப் பழக்கமில்லாதவள்.

புறப்படும் நேரம் மணமகள் என் மனைவியிடம் வந்து, "அக்கா, அந்தப் படங்கள மட்டும் அழிச்சிருங்க" என்று மெல்லக் கேட்டாள். அவள் கண்முன்னாலேயே என் மனைவி எல்லாவற்றையும் அழித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கத்தினேன். தொழில் என்று இறங்கிய பிறகு நாங்கள் எடுத்த உருப்படியான படங்கள் அவை மட்டும்தான். "பொறந்த எடத்த மறைச்சுக் கல்யாணம் கட்டுறவளுக்கு என்ன பரிதாபம் வேண்டிக் கெடக்கு? வெட்கங்கெட்ட பொழப்பு!"

கூடையைக் கவிழ்த்து, வாடிய கொழுந்தைத் தட்டிக்கொண்டிருந்தாள் என் மனைவி.

"கட்டிக்கிட்டு வந்த புதுசுல உங்க வீட்டுல நான் வாயே தொறக்கலயே, ஞாபகம் இருக்கா? வாய்லருந்து தோட்டத்துப் பேச்சு வந்துருமோன்னு பயந்துக்கிட்டேதாங்க இருந்தேன்."

அந்த நாட்களில் என் அம்மா வருகிறவர்களிடமெல்லாம் மருமகள் ரொம்ப அடக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நானும் அதைச் சொல்லித்தான் நண்பர்களிடம் பெருமையடித்தேன்.